அம்மன் லைட்டை அணைக்காதீங்க

கொரட்டூரில் அந்த வண்டியை எனக்கு விற்றவர், சாவியைக் கையில் கொடுக்கும் முன் அதன் குறைகளை ஒளிக்காமல் சொன்னார். பழைய கார் விற்கிறவர்களில் அவ்வளவு நேர்மையான மனிதரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"கண்ணாடி ஏத்தசொல்ல கொஞ்சம் டைட்டா கீது சார். பின்னாடி டோரு வெளிய இருந்துதான் தொறக்கும். அதெல்லாம் போகப் போகப் பழகிடும். ஆனா ஒண்ணு. வண்டி ஓட்டசொல்ல அம்மன் லைட்ட மட்டும் அணைச்சிராதீங்க. வண்டி தாங்காது."

டாஷ்போர்டின் நடுவே உள்ளங்கை அகலத்தில் ஓர் அம்மன் படம் ஒட்டியிருந்தது. சுற்றிலும் சிவப்பும் பச்சையுமாகக் குட்டி பல்புகள் மாறி மாறி எரிந்துகொண்டிருந்தன. படத்துக்குக் கீழே, வீட்டுச் சுவரில் இருப்பது போன்ற வெள்ளை ஸ்விட்ச். நான் பவ்யமாகத் தலையை ஆட்டிவிட்டு வண்டியை எடுத்தேன். அம்பத்தூர் ஓ.டி. தாண்டியதும் லைட்டை அணைத்தேன்.

என்னைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும். நான் ராகுகாலத்தில் பெண் பார்க்கப் போனவன். எமகண்டத்தில் பால் காய்ச்சி அண்ணனூர் வீட்டுக்குக் குடி வந்தவன். மகள் கல்யாணத்தில், எல்லோரும் முகூர்த்த நேரம் முடியப் போகிறது என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, மைக்கை வாங்கி நேரத்தில் நல்லது கெட்டது கிடையாது என்று பேச ஆரம்பித்துவிட்டவன். பேச்சு நீண்டுபோய், என் மனைவி மேடைக்கு வந்து மைக்கைப் பிடுங்க வேண்டியதாயிற்று. மாப்பிள்ளையின் அப்பா பக்திமான். நெற்றியில் பட்டை, கழுத்தில் மாலை. அன்றிலிருந்து என் எதிரில் கடவுள் பேச்சு எடுக்கவே அவர் பயப்படுவார். அதில் எனக்கு உள்ளூரப் பெருமை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கார் வாங்கியதே மகளுக்காகத்தான். அவள் சின்னப் பெண்ணாக இருந்தபோது ஸ்கூட்டரின் முன்னால் நிற்க வைத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போவேன். மழை நாளில் என் ரெயின்கோட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு, "அப்பா, நனையாம போற வண்டி நாம எப்போ வாங்குவோம்?" என்று கேட்பாள். "அடுத்த வருஷம்" என்பேன். ஒவ்வொரு மழைக்கும் கேட்டாள். ஒவ்வொரு மழைக்கும் அதையே சொன்னேன். அப்புறம் கல்யாணமாகி, பூ அலங்காரம் செய்த மாப்பிள்ளை வீட்டுக் காரில் ஏறி வானகரத்துக்குப் போய்விட்டாள். கை காட்டிவிட்டு, அந்தக் கார் கண்ணுக்கு மறையும்வரை மண்டபத்து வாசலில் நின்றேன்.

இப்போது அவளுக்கு ஏழாம் மாதம். வானகரத்தில் வளைகாப்பு போட்டு, பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு அழைத்து வர வேண்டும். நாள் குறித்தபோது சம்பந்தி அன்பாகத்தான் சொன்னார், "எதுக்கு சம்பந்தி அலைச்சல், நானே நல்ல டாக்ஸியா ஒண்ணு சொல்லிடுறேன்." அன்பாகச் சொன்னாலும் சுருக்கென்று தைத்தது. என் பெண்ணை என் வண்டியில்தான் கூட்டிப் போவேன் என்று அங்கேயே சொல்லிவிட்டேன். அப்போது என்னிடம் வண்டி கிடையாது.

அப்படி அவசரமாக வாங்கியதுதான் இந்த வண்டி. வெள்ளி நிறம். மீட்டரில் இருந்த எண்ணைப் படித்து முடிப்பதற்குள் மூச்சு வாங்கியது. முதல் வாரமே குறைகள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. காலையில் ஸ்டார்ட் ஆக மறுத்தது, பேட்டரி முனையில் பச்சையாகப் பூத்திருந்ததைச் சுடுதண்ணீர் ஊற்றிக் கழுவியதும் வழிக்கு வந்தது. பள்ளத்தில் இறங்கினால் பின்னாலிருந்து யாரோ பாத்திரத்தை உருட்டுவது போலச் சத்தம். ஸ்டெப்னியைக் கட்டும் போல்ட் இல்லை. பிரேக் பிடித்தால் கிறீச்சென்று தெருவே திரும்பிப் பார்த்தது. நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் தரப் பரிசோதனை பார்க்கிறவன். குறை கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிற எனக்கு இந்த வேலையெல்லாம் பிடித்துத்தான் இருந்தது.

அடுத்த வாரம் வண்டி கொதித்தது.

காலை நேரம். ஓ.டி. சிக்னலுக்கு முன்னால் பஸ்ஸுக்கும் ஷேர் ஆட்டோவுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு நின்றேன். வெப்பத்தைக் காட்டும் முள் மெல்ல மெல்ல மேலே ஏறிச் சிவப்பைத் தொட்டது. பானட்டின் இடுக்கிலிருந்து புஸ்ஸென்று ஆவி. பின்னால் நின்ற ஷேர் ஆட்டோக்காரர் எட்டிப் பார்த்துக் கேட்டார், "இன்னா அண்ணாத்தே, இட்லி வெந்துகிச்சா?" வண்டியில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நான் வண்டியை ஓரமாகத் தள்ளினேன். தள்ளுவதற்குக் கை கொடுத்தவரும் அவர்தான் என்பதால் திட்டவும் முடியவில்லை.

திருமுல்லைவாயலில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவர் இருந்தார். கெட்டிக்காரர்தான். ஆனால் பெரிய பக்திமான். வண்டிக்குள் உட்கார்ந்ததும் முதல் வேலையாக அம்மன் லைட்டைப் போடுவார். விரலால் படத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். அப்புறம்தான் சாவியைத் திருப்புவார். வேலை முடிந்து இறங்கும்போது ஞாபகமாக அணைப்பார். எனக்கு அதைப் பார்க்கவே எரிச்சலாக வரும். ரேடியேட்டரைப் பார்க்கச் சொன்னால் இவர் ஏன் பூஜை பண்ணுகிறார் என்று நினைத்துக்கொள்வேன்.

ரேடியேட்டரைக் கழற்றிக் கழுவினார். கூலன்ட் மாற்றினார். மூடி லூசாக இருக்கலாம் என்று மூடியை மாற்றினார். தெர்மோஸ்டாட்டை மாற்றினார். ஒவ்வொரு முறையும் அவர் கடை வாசலில் இன்ஜினை ஓடவிட்டு நாங்கள் இருவரும் டீ குடித்துக்கொண்டே முள்ளைப் பார்ப்போம். முள் பாதியில் நல்ல பிள்ளையாக நிற்கும். மறுநாள் காலை ஓ.டி. சிக்னலில் கொதிக்கும்.

"வண்டில ஒண்ணியுமே இல்ல சார்" என்றார் கடைசியில். "தண்ணி கரெக்டா கீது, ஃபேன் சூப்பரா சுத்துது. நீங்க கியர மாத்தாமலே ஓட்டிகினு போறீங்க போலக்கீது."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. முப்பது வருஷமாக லைசென்ஸ் வைத்திருக்கிறேன். அதை வைத்து அதிகம் ஓட்டியது ஸ்கூட்டர்தான் என்பது வேறு விஷயம்.

இதற்கு நடுவில் கம்பெனியில் ஒருவர் யோசனை சொன்னார். இன்ஜின் சூடேறினால் காருக்குள் ஹீட்டரைப் போட வேண்டுமாம். இன்ஜின் சூட்டை அது உள்ளே இழுத்துக்கொள்ளுமாம். உண்மைதான், இழுத்துக்கொண்டது. மே மாத வெயிலில், கண்ணாடி ஏறாத இறங்காத வண்டிக்குள், ஹீட்டரைப் போட்டுக்கொண்டு நான் வேலைக்குப் போனேன். கம்பெனி வாசலில் இறங்கியபோது செக்யூரிட்டி ஓடி வந்து கையைப் பிடித்து, "நெஞ்சு வலியா சார்?" என்று கேட்டார்.

வளைகாப்பு நாள் நெருங்கிக்கொண்டே இருந்தது. வாயும் வயிறுமாக இருக்கிறவளை நடு ரோட்டில் ஆவி பறக்கும் வண்டிக்குள் உட்கார வைப்பதை நினைத்தால் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சம்பந்தியிடம் டாக்ஸிக்குச் சொல்லுங்கள் என்று போன் செய்வதை நினைத்தால் தண்ணீரும் இறங்கவில்லை.

இதில் என்னை மிகவும் குழப்பியது என் மனைவி. அவள் கூட வந்தால் வண்டி கொதிப்பதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை உச்சி வெயிலில், வளைகாப்புக்குப் புடவை எடுக்க அவளைக் கூட்டிக்கொண்டு பாடி வரைக்கும் போய் வந்தேன். வழியெல்லாம் நெரிசல். முள் அசையவே இல்லை. ஏ.சி. கூட ஜில்லென்று வந்தது. "நல்லாத்தானே இருக்கு, சும்மா வண்டிய குத்தம் சொல்லிட்டே இருக்கீங்க" என்றாள். மறுநாள் தனியாகப் போனேன். ஏ.சி.யிலிருந்து அனல் வந்தது. ஓ.டி.யில் ஆவி வந்தது.

எங்கள் வேலையில் ஒரு முறை உண்டு. ஒரு பொருள் ஒரு நாள் தேறி மறுநாள் தேறாமல் போனால், இரண்டு நாளுக்கும் நடுவில் என்ன மாறியது என்று பார்க்க வேண்டும். அதே வண்டி, அதே பெட்ரோல், அதே ரோடு. மாறியது மனைவி மட்டும்தான். மனைவி இருந்தால் இன்ஜின் குளிர்கிறது என்று எந்த ரிப்போர்ட்டில் எழுதுவது? சரி, அவள் வண்டியில் ஏறினால் என்ன செய்கிறாள்? பெல்ட் போடுகிறாள். கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பிப் பொட்டைச் சரி பார்க்கிறாள். அம்மன் லைட்டைப் போடுகிறாள். அவள் இறங்கியதும் நான் அணைத்துவிடுகிறேன்.

மறுநாள் ஓ.டி. சிக்னலில் முள் ஏற ஆரம்பித்தது. நான் இந்தப் பக்கம் பார்த்தேன், அந்தப் பக்கம் பார்த்தேன். தெரிந்தவர் யாரும் இல்லை. சட்டென்று ஸ்விட்சைத் தட்டினேன். பல்புகள் சுற்றி எரிந்தன. அம்மன் என்னையே பார்த்தாள். முள் நின்றது. கொஞ்சம் யோசித்தது. அப்புறம் இறங்கியது.

அன்று கம்பெனியில் வேலையே ஓடவில்லை. ஐம்பது வயதுக்கு மேல் ஒருவனுக்கு இப்படி ஒரு சோதனை வரக் கூடாது. இத்தனை நாள் மைக் பிடித்துப் பேசியதெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. சாயங்காலம் அணைத்துப் பார்த்தேன், ஏறியது. போட்டேன், இறங்கியது. அன்று ராத்திரி சாப்பிடும்போது என் மனைவி, "ஏன் பேயறைஞ்ச மாதிரி இருக்கீங்க?" என்று கேட்டாள். நான் வேகமாக ரசத்தை ஊற்றிக்கொண்டேன்.

விடிந்ததும் முதல் வேலையாக வாசலில் வண்டியை ஓடவிட்டு பானட்டைத் திறந்தேன். லைட் அணைந்திருந்தது. ரேடியேட்டருக்குப் பின்னால் இருந்த ஃபேன் சும்மா இருந்தது. உள்ளே போய் லைட்டைப் போட்டேன். முன்னாலிருந்து விர்ரென்று சத்தம். ஓடி வந்து பார்த்தேன். ஃபேன் சுற்றியது. ஓடிப் போய் அணைத்தேன். நின்றது. இப்படி நான் உள்ளுக்கும் வெளிக்குமாக ஓடிக்கொண்டிருந்ததைப் பால் பாக்கெட் வாங்கி வந்த எதிர்வீட்டுக்காரர் நின்று பார்த்துவிட்டு, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

கால்மிதியைத் தூக்கினேன். ஸ்விட்சிலிருந்து இரண்டு வயர்கள் கிளம்பின. ஒன்று பல்புக்கு. இன்னொன்று கால்மிதிக்கு அடியில் ஊர்ந்து இன்ஜின் பக்கம் போய், ஃபேனுக்குக் கரன்ட் விடும் ரிலேயில் சேர்ந்தது. விஷயம் இதுதான். இன்ஜின் சூடானால் ஃபேன் தானாக ஓட வேண்டும். ஓட வைக்கும் சென்சார் என்றோ செத்துவிட்டது. நம் ஊரில் இதற்கெல்லாம் ஒரே வைத்தியம், 'டைரக்ட்' கொடுப்பது. சென்சாரைத் தூக்கிப் போட்டுவிட்டு ஒரு ஸ்விட்சிலிருந்து நேராக வயர் இழுத்துவிடுவார்கள். டாஷ்போர்டில் புதிதாக ஓட்டை போடுவானேன் என்று, இருக்கிற அம்மன் ஸ்விட்சிலேயே யாரோ கொடுத்துவிட்டிருக்கிறார்கள். யார் ஏறினாலும் லைட்டைப் போடத்தானே போகிறார்கள் என்று நினைத்திருப்பார்கள். என்னைப் போல ஒருவன் வந்து சேர்வான் என்று அவர்கள் கண்டார்களா? விற்றவர் வார்த்தைக்கு வார்த்தை உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார். மெக்கானிக் ஏறினால் ஃபேன் ஓடியதும் அதனால்தான்.

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. சமையலறைக்கு ஓடி, மனைவியிடம் வயர், ரிலே, சென்சார் எல்லாவற்றையும் விளக்கினேன். "வேற ஒண்ணும் இல்ல. வெறும் வயர்!" என்றேன்.

அவள் தோசையைத் திருப்பிப் போட்டாள். "சரிங்க. இவ்ளோ பெரிய வண்டியில அந்த வயர இந்த ஸ்விட்சுலதான் கொடுக்கணும்னு அவனுக்கு யார் புத்தி கொடுத்தா?"

நான் தோசைத் தட்டை எடுத்துக்கொண்டு ஹாலுக்கு வந்துவிட்டேன்.

இரண்டு வயரையும் பிரித்து ஃபேனுக்குத் தனி ஸ்விட்ச் வைக்கச் சொல்லி மெக்கானிக்கிடம் போனேன். அவர் படத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "அம்மன் லைன்ல நான் கை வைக்க மாட்டேன் சார்" என்றார். "நாளைக்குப் புள்ளத்தாச்சிய ஏத்திகினு வரப் போறீங்க. இப்ப போயி அத்தப் பிரிக்கச் சொல்றியே, நல்லாவா கீது? நல்லபடியா பேரனத் தூக்கிகினு வா, அப்பால பாத்துக்கலாம்." கோபம் வந்தால் அவர் என்னை ஒருமைக்கு மாற்றிவிடுவார். நானும் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். ஒரே ஒரு நாள். லைட்டைப் போட்டுக்கொண்டு போய் வந்துவிட்டால் தீர்ந்தது.

வளைகாப்பு நன்றாக நடந்தது. டிக்கியில் புளிசாதமும் எலுமிச்சை சாதமும் தேங்காய் சாதமுமாகத் தூக்குகளை ஏற்றிக்கொண்டு, லைட் எரிய, முள் அசையாமல் வானகரம் போய்ச் சேர்ந்தோம். என் மகள் இரண்டு கை நிறைய வளையலோடு வாசலுக்கு வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். சம்பந்தியும் சுற்றிப் பார்த்தார். டயரை லேசாக உதைத்தார். "ரொம்ப ஓடின வண்டி போலத் தெரியுதே சம்பந்தி. இதுலயா கூட்டிட்டுப் போறீங்க? இப்ப சொன்னாக் கூட டாக்ஸி வந்துரும்" என்றார். வண்டியில் எந்தக் குறையும் இல்லை, சின்னக் கோளாறு கூடக் கிடையாது என்று அத்தனை பேர் முன்னால் சொன்னேன். மருமகளைக் கொண்டுவந்து விட்டுப் போகிறேன் என்று அவரும் முன் சீட்டில் ஏறிக்கொண்டார். பின்னால் மகளும் மனைவியும்.

தெரு முனை கூடத் திரும்பவில்லை. சம்பந்தி டாஷ்போர்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "அடடா, உங்களுக்குத்தான் இதெல்லாம் பிடிக்காதே. எனக்காக சம்பந்தியம்மா போட்டிருக்காங்க போல" என்று சொல்லி, மிகுந்த மரியாதையோடு ஸ்விட்சை அணைத்துவிட்டார்.

பின் சீட்டில் என் மனைவி இருமினாள்.

அன்று முகூர்த்த நாள். வானகரம் அம்பத்தூர் சாலையில், அயனம்பாக்கம் தாண்டியதும் லாரிகள் வரிசையாக நின்றன. முன்னும் போக முடியாது, பின்னும் வர முடியாது. முள் ஏறத் தொடங்கியது. ஏ.சி.யில் அனல் வந்தது. "என்னமோ புழுக்கமா இருக்குப்பா" என்றாள் மகள். கண்ணாடியில் பார்த்தேன், நெற்றியெல்லாம் வேர்வை, வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். சம்பந்தி கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, "வண்டி ஏதும்..." என்று ஆரம்பித்தார்.

எனக்கு இரண்டு வழிதான் இருந்தது. வயர், ரிலே, செத்துப்போன சென்சார் எல்லாவற்றையும் சொல்லலாம். என் கொள்கை பிழைக்கும். ஓட்டை வண்டியில், பொய் சொல்லி, அவர் மருமகளை ஏற்றி வந்தேன் என்றும் ஆகும். இல்லையென்றால் ஒன்றும் சொல்லாமல் ஸ்விட்சைப் போடலாம். முள் சிவப்புக்கு ஒரு விரற்கடை கீழே நின்றது. என் பெண் இன்னொரு முறை மூச்சு வாங்கினாள்.

"சம்பந்தி" என்றேன். "அந்த அம்மன் லைட்டக் கொஞ்சம் போடுங்க."

அவருக்குக் காது கேட்டதா என்றே தெரியவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தார். "என்ன சொன்னீங்க?"

"அம்மன் லைட்டப் போடுங்க. அது இல்லாம இந்த வண்டி ஓடாது." சொன்னதில் ஒரு சொல் பொய் இல்லை.

அவர் ஸ்விட்சைப் போட்டார். பல்புகள் சுற்றின. முன்னால் விர்ரென்று கிளம்பியது. கொஞ்ச நேரத்தில் ஏ.சி. ஜில்லென்று வந்தது, லாரிகளும் நகர்ந்தன. சம்பந்தி கியர் மேல் இருந்த என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது. "இந்த ஒரு வார்த்தைய உங்க வாயால கேட்பேன்னு நெனைக்கல சம்பந்தி" என்றார். இரண்டாவது கியருக்கு மாற்ற வேண்டியிருந்தது, அவர் கையை எடுக்கவில்லை. முதல் கியரிலேயே அத்திப்பட்டு வரை ஓட்டினேன். பின்னால் என் மனைவி ஜன்னல் வழியாக ஊரை வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தாள். வளையல்கள் மட்டும் விடாமல் குலுங்கின. என் மகள் சத்தம் வராமல் சிரிக்கிறாள் என்று தெரிந்தது.

அண்ணனூரில் வீட்டு வாசலில் ஆரத்தித் தட்டோடு காத்திருந்தார்கள். பின் கதவு உள்ளிருந்து திறக்காது என்பதால் நானே இறங்கி ஓடிப் போய்த் திறந்தேன். என்ன மரியாதை பாருங்கள் என்று சம்பந்தி யாரிடமோ சொன்னது காதில் விழுந்தது. மகள் என் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். இறங்கும்போது காதோரம் சொன்னாள்.

"லைட்டப் போட்டதும் ஃபேன் சத்தம் கேட்டுச்சுப்பா. நான் யார்கிட்டயும் சொல்லல." பிறகு, "ஆஸ்பத்திரிக்கும் இதுலயே போலாம்பா. மழை வந்தாலும் நனைய மாட்டோம்" என்றாள்.

அவளை ஆரத்திக்கு நிறுத்தினார்கள். எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. வண்டியில் லைட் இன்னும் எரிந்துகொண்டிருந்தது, விட்டால் பேட்டரி இறங்கிவிடும். திறந்திருந்த முன் கதவு வழியாகக் குனிந்து, படத்துக்குக் கீழே கையைக் கொண்டுபோய் ஸ்விட்சை அணைத்தேன். அணைத்த பிறகும் நிமிரவில்லை. கண்ணைத் துடைக்க வேண்டியிருந்தது.

"யாரும் அவரக் கூப்பிடாதீங்க" என்று பின்னால் சம்பந்தியின் குரல் கேட்டது. "கும்பிட்டுட்டு வரட்டும்."